எண்ணூறு இலைக்கு உப்பு

மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் மெல்ல மேலேறிக் கண் இமையில் வந்து உட்காரும் நேரம். மணி இரண்டே முக்கால். ஜெபக்கனி கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு வேலையும் இல்லாமல், அதாவது எல்லா வேலையையும் முடித்துவிட்ட பெருமையில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பட்டியல் போய்விட்டது. கோமதிநாயகம் அண்ணாச்சி மகளுக்கு நாளைக் காலை அம்பாசமுத்திரத்தில் கல்யாணம், எண்ணூறு இலை, அதற்கான பலசரக்குப் பட்டியல் ஒரு மணிக்கே கடைக்குப் போய்விட்டது, நாலு மணிக்குச் சாமான் வண்டி ஏறிவிடும், அதற்குப் பிறகு அவளுக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் உள்ள சம்பந்தம் இலையில் உட்காருவது மட்டும்தான். முப்பது வருஷமாக ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சமைத்துப் போட்ட அண்ணாச்சி, இவர்களுடைய இரண்டறைக் கம்பெனிக்கு முதல் வாடிக்கையாளர். நூறு இலைக்கு எது எவ்வளவு என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும், எத்தனை இலை என்று சொன்னால் கம்ப்யூட்டர் பெருக்கிப் பட்டியல் போட்டுத் தரும். அதை எழுதியது ஜெபக்கனி. அவள் தனியாக எழுதிய முதல் சாஃப்ட்வேர், அது போட்டுத் தந்த முதல் பட்டியல். அதனால் போன பட்டியலை இன்னொரு தடவை பார்க்கலாமே என்று தோன்றியது, சும்மாதான், புதுப் புடவையை பீரோவைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரி. அளவெல்லாம் பதிந்து கிடக்கிற டேட்டாபேஸ் டேபிளிடம் கேட்டாள். பொருள், அளவு, அளவை எட்டால் பெருக்கிய மொத்தம் என்று மூன்று கட்டங்கள் வந்தன. அரிசி பன்னிரண்டு, மொத்தம் தொண்ணூற்றாறு. பருப்பு நாலு, மொத்தம் முப்பத்திரண்டு. மேலே தெரிந்த பத்து வரியும் மணி மணியாக இருந்தன.

ஆனால் கண் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் பெயருக்குக் கீழும் அது என்ன வகை என்று பொடி எழுத்தில் காட்டும். பொருள் என்பதற்குக் கீழே டெக்ஸ்ட், எழுத்து. அளவு என்பதற்குக் கீழே இன்டிஜர், முழு எண். மொத்தம் என்பதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. என்ன இது, பல் விழுந்த மாதிரி? ஓ, சரி சரி, அப்படித்தான் இருக்கும். பொருளும் அளவும் டேபிளில் இருக்கிற கட்டங்கள், டேபிளைச் செய்த அன்றைக்கு இது எழுத்து, இது எண் என்று அவளே அறிவித்து வைத்தவை. மொத்தம் டேபிளில் இல்லை, கேட்கிறபோது பெருக்கி வந்தது. அதற்கு யாரும் வகை சொல்லி வைக்கவில்லை, இன்னும் பெயர் வைக்காத பிள்ளை, அதனால் டேட்டாபேஸ் வாயை மூடிக்கொள்கிறது. நியாயம்தான். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவதற்கும் ஒரு குணம் வேண்டும், சேவியர் சாருக்கு அந்தக் குணம் கிடையாது, கம்பெனி முதலாளி, வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் இருக்கு இருக்கு என்பார், பிறகு ராத்திரி பகலாக ஜெபக்கனி அதை உண்டாக்க வேண்டும். வெள்ளையாக இருப்பது தப்பில்லை. அப்படியென்றால் எது உறுத்துகிறது? இன்டிஜர் என்று சொல்லுகிறதே, அது. அதை எப்படிச் சொல்லுகிறது? உள்ளே போய்ப் பார்த்தா சொல்லுகிறது? இல்லையே. மார்ச் மாதம் அவள் எழுதிக் கொடுத்ததை அப்படியே திருப்பி ஒப்பிக்கிறது. வாசலில் மாட்டிய போர்டைப் படித்துவிட்டு, உள்ளே யார் இருக்கிறார் என்று கதவைத் திறக்காமலே போகிறது.

போர்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஜெபக்கனி பிறந்தது ஐப்பசி அடைமழையில், அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள், ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ பாலத்துக்குக் கீழே நின்றுவிட்டதாம். சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாத்தியார் பேனாவை எடுத்தார், ஜூன் ஒன்று என்று எழுதினார், அன்றைக்குச் சேர்ந்த பதினேழு பிள்ளைகளும் ஜூன் ஒன்றில் பிறந்தார்கள். இன்றைக்கும் வெயில் கொளுத்துகிற ஜூன் ஒன்றில் பேங்க்காரன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான், அவளும் நன்றி என்று போடுகிறாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அத்தை, அப்பாவின் தங்கை, பிள்ளை ரொம்ப அமைதி, வாய் திறக்காது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிவித்தாள். டேனியல் அதை நம்பிக் கட்டிக்கொண்டார், பாவம். அவர் மட்டும் என்ன? ஸ்கூலில் டிரில் மாஸ்டர், விசில் அடித்தால் மூன்று தெரு நடுங்கும், பாத்ரூமில் கரப்பான் பூச்சி வந்தால் கட்டிலில் ஏறிக்கொண்டு ஜெபா ஜெபா என்று கூப்பிடுவார். அவள் மேஜையில் கிடக்கிற விசிட்டிங் கார்டில் சீனியர் டெவலப்பர் என்று இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் டைப் அடிக்க வந்தவள், பி.காம்., மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர்கள் திரையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். கார்டு அடித்து வந்த நாளில் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே ஒரு பயமும் வந்து அடிவயிற்றில் குடியேறியது. என்றைக்காவது ஒருத்தன் போர்டைப் படிப்பதோடு நிற்காமல் கதவைத் திறந்து பார்ப்பான், உள்ளே ஒரு பி.காம். உட்கார்ந்திருக்கும். அந்தப் பயம் ஆறு வருஷமாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

அதை விடு. அளவு எல்லாம் எண்தானா என்று அவள் மார்ச்சில் சோதிக்காமலா விட்டாள்? சோதித்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் வந்த பிறகு. அளவுக் கட்டம் என்ன வகை என்று டேட்டாபேஸைக் கேட்டாள், இன்டிஜர் என்றது, எல்லாம் எண், சரிபார்த்தாச்சு என்று நோட்டில் எழுதிப் பக்கத்தில் டிக் போட்டாள். கேட்டது அவள். பதில் சொன்னதும், யோசித்துப் பார்த்தால், அவளேதான். கண்ணாடியைப் பார்த்து நான் நல்லா இருக்கேனா என்று கேட்டு நல்லா இருக்கே என்று தலையாட்டிக்கொண்ட கதை. இந்த டேட்டாபேஸ் சின்னது, சாதுவானது, மற்ற பெரிய டேட்டாபேஸ் எல்லாம் எண் கட்டத்தில் எழுத்தைப் போட்டால் அடிக்க வரும், இது எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். எண்ணாக மாறுமா என்று பார்க்கும், மாறாவிட்டால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், முகம் சுளிக்காது. போர்டு மட்டும் மாறாது. அளவுகளை யார் பதிந்தது? அண்ணாச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் வீட்டம்மா சிவகாமி அக்கா செல்போனில் அடித்தது. அண்ணாச்சி எப்படிச் சொல்லியிருப்பார்? அரிசி பன்னெண்டு, பருப்பு நாலு. அப்படித்தான் சொல்லியிருப்பார். எல்லாவற்றையுமா அப்படிச் சொல்லியிருப்பார்? ஜெபக்கனியின் கால் ஆடுவதை நிறுத்திவிட்டது.

கட்டத்தைக் கேட்காமல் கட்டத்துக்குள் கிடக்கிற ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நீ யார், உண்மையில் என்ன வகை என்று கேட்பதற்கு வழி இருக்கிறது. ஒரு வரிதான். கை போக மறுத்தது. தண்ணீர் குடித்தாள். ஃபேன் இறக்கையில் எவ்வளவு தூசி. நாளைக்கு அந்த மாம்பழக் கலர் பட்டு உடுத்தலாமா, ஜாக்கெட் இறுக்கும், பின்னலை முன்னால் போட்டால் தெரியாது. போன வருஷம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே டாக்டரிடம் போகாமல் இருந்தாள், போனால் ஏதாவது சொல்லிவிடுவார் என்று, கடைசியில் போனாள், வாயு என்றார், அன்றைக்கே பிரியாணி தின்றாள். இதுவும் வாயுவாக இருக்கலாம். ஜெபக்கனி ஏசுவே என்று சொல்லிக்கொண்டு அந்த ஒரு வரியை அடித்தாள்.

அரிசி, எண். பருப்பு, எண். முதல் பத்து வரியும் எண்தான். அதற்குக் கீழே புளி, எழுத்து. நெய், எழுத்து. பெருங்காயம், எழுத்து. கடுகு, எழுத்து. உப்பு, எழுத்து. அவள் கண்ணை மூடித் திறந்தாள், எழுத்து எழுத்தாகவே இருந்தது. உள்ளே பார்த்தாள். புளி, 1 1/2. நெய், அரை. பெருங்காயம், 50 கிராம். கடுகு, ரெண்டு பிடி. உப்பு, தேவைக்கு. இப்படி எழுதியதில் என்ன தப்பு? நூறு தடவை அடுப்படியில் சொல்லிப் பழகிய தமிழ். தப்பு, இதையெல்லாம் எட்டால் பெருக்கச் சொன்னவளிடம் இருக்கிறது. எழுத்தைப் பெருக்கச் சொன்னால் இந்தச் சாது என்ன செய்யும்? முன்னால் எண் இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சைபர். 1 1/2 என்பதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அரையைக் கைவிட்டது, புளி பன்னிரண்டு கிலோவுக்குப் பதில் எட்டு. நெய் சைபர். கடுகு சைபர். உப்பு சைபர். பெருங்காயம் ஐம்பது எட்டு நானூறு, தலைப்பில் கிலோ என்று இருக்கிறது. நானூறு கிலோ பெருங்காயம்! சிரிப்பு வந்தது, சிரித்து முடிவதற்குள் கண் கடிகாரத்துக்குப் போனது. மொத்தம் என்ற கட்டம் அப்போதே ஒன்றும் சொல்லாமல் வெள்ளையாக நின்றதே, எனக்கு எதுவும் தெரியாது, என்னை நம்பாதே என்று நின்றதே. இவள்தான் முதல் பத்து வரியைப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

நானூறு கிலோவைக் கடைக்காரர் பார்த்தால் போன் பண்ணிவிடுவார், அது பயமில்லை. கத்துகிற தப்பு மாட்டிக்கொள்ளும். புளி எட்டு கிலோ என்று இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? அது சத்தமில்லாமல் வண்டியேறி, அண்டாவில் கரைந்து, இலைக்கு வந்துவிடும், மாப்பிள்ளை வீட்டார் வாயில் வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வேறு யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அண்ணாச்சி அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொள்வார். இது அவர் வீட்டுக் கல்யாணம். சிவகாமி அக்கா பாபநாசம் கோவிலில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஊர்ப் பிள்ளைகள் கல்யாணத்துக்கெல்லாம் புகைக்குள் நின்றது போதும், நம்ம பிள்ளை கல்யாணத்தில் வெள்ளை வேஷ்டி கட்டிப் பந்தலில் நில்லுங்கள், கரண்டியைத் தொட்டால் நான் மேடை ஏற மாட்டேன் என்று. சமையலுக்குத் தென்காசி சண்முகவேல் வருகிறார். அவர் பட்டியலில் இருப்பதைப் போடுவார், இல்லாததைப் போட மாட்டார், தாளிலேயே கண்ணாக, மூக்கில் இறங்கிய கண்ணாடி மேலே ஏறாத மனுஷன். முப்பது வருஷம் பெயரெடுத்தவரின் வீட்டுப் பந்தியில் புளிக்காத ரசமும் நெய் விடாத பருப்பும். ஊர் என்ன சொல்லும்? வைத்தியர் வீட்டு நோயாளி என்று சொல்லும். மணி மூன்று ஐந்து.

சத்தமில்லாமல் திருத்திவிட்டால் என்ன? புளியைத் திருத்தலாம், நெய்யை அரைக் கிலோ என்று வைத்து நாலு கிலோ போடலாம், பெருங்காயத்தை நானூறு கிராமாக்கலாம், கடைக்குப் புதுப் பட்டியல் அனுப்பிவிட்டுப் பழையதைக் கிழித்துப் போடுங்கள் என்றால் முடிந்தது, ஈ காக்காய்க்குத் தெரியாது. சேவியர் சார் மதுரையில் இருக்கிறார். கார்டு கார்டாகவே இருக்கும். ஆனால் தேவைக்கு? தேவைக்கு என்றால் எவ்வளவு? எண்ணூறு பேரின் நாக்குக்கு எவ்வளவு உப்பு என்று எந்த பி.காம்.மில் சொல்லிக் கொடுத்தார்கள்? வீட்டில் நாலு பேருக்கு வைக்கிற குழம்பிலேயே அவளுக்கு உப்பு நிற்காது, டேனியல் ஒன்றும் சொல்லாமல் மோர் கேட்பார். கடுகுகூடப் பரவாயில்லை. உப்பு இருக்கிறதே, அது ஒருவரிடம்தான் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. முகமெல்லாம் சுட்டது. ஆனால் அந்தப் பெண் நாளைக்கு மாலையும் கழுத்துமாக நிற்கப் போகிறாள். ஜெபக்கனி போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, நான் ஜெபக்கனி பேசுதேன்."

"சொல்லு தாயி. பந்தக்காரன் ஆணி அடிக்கான், சத்தமா சொல்லு."

"பட்டியல்ல தப்பு வந்துட்டு அண்ணாச்சி. என் தப்புதான், வேற யாரும் இல்ல. நீங்க அரைன்னு சொன்னது, தேவைக்குன்னு சொன்னது எல்லாத்தையும் கம்ப்யூட்டர் சைபர்னு எடுத்துக்கிட்டு. நெய் இல்ல, கடுகு இல்ல, உப்பு இல்ல. புளி நாலு கிலோ குறையுது. பெருங்காயம் மட்டும் நானூறு கிலோ."

அந்தப் பக்கம் ஆணிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஜெபக்கனி கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணாச்சியின் வயிற்றின் அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது.

"நானூறு கிலோவா! ஏ சிவகாமி, இங்க வாளா, கேட்டியா! நானூறு கிலோ பெருங்காயமாம். ஆத்துல கரைச்சா தூத்துக்குடி வரைக்கும் மணக்கும்லா!"

ஜெபக்கனிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒரே வழியில் வந்ததால் விக்கல் வந்தது. வரிசையாகக் கேட்டாள். நெய் அரையென்றால் அரைக் கிலோதான், ஊர் உலகத்துக்கே தெரியும் என்றார். கடுகு இரண்டு பிடி என்றால் கால் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் ஒவ்வொன்றாக எண்ணாக அடித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் முடிந்து ஒன்று நின்றது.

"உப்பு அண்ணாச்சி?"

"உப்ப எழுதப்படாது தாயி. இந்த முப்பது வருஷத்துல நான் யார்ட்டயும் உப்பு அளவு சொன்னதில்ல. என் கையாலதான் போடுவேன். அத நான் ஒரு நிமிஷம் உள்ள போயி..."

"எங்க போறிய?" இது சிவகாமி அக்காவின் குரல், போனுக்கு வெகு பக்கத்தில்.

"எங்கயும் போகல, இங்கதான நிக்கேன்!" என்றார் அண்ணாச்சி. பிறகு குரல் இறங்கியது. "சண்முகவேலுக்கு எண் சொல்லணுமோ?"

"ஆமா அண்ணாச்சி. தாள்ல இருந்தாத்தான் போடுவாரு."

ஆணி அடிப்பது நின்றிருந்தது. ஒரு தகப்பனார் மூச்சு விடுவது ஜெபக்கனிக்குத் தெளிவாகக் கேட்டது. நாளைக்கு மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர், அதற்கு ஒரு நாள் முன்னால் இதையும் கொடுக்கச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது, பாவமாக இருந்தது, கேட்காமல் விடவும் முடியவில்லை. "ஏளா, கொஞ்சம் கல்லுப்பும் தராசும் எடுத்துட்டு வா" என்றார் அவர். சத்தியம் தராசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது, அக்கா மறுபேச்சில்லாமல் போனாள், வந்தாள். உப்பு விழுகிற சரசரப்பு. நூத்தி இருவது கிராம் என்று அக்கா படித்தாள். இன்னொரு பிடி, நூத்தி இருவது. இன்னொன்று, அதே நூத்தி இருவது. முப்பது வருஷத்துக் கை, ஒரு கல் கூடவில்லை, ஒரு கல் குறையவில்லை, அக்கா நம்பாமல் தராசைத் தட்டிப் பார்ப்பது போனில் கேட்டது.

"சோத்துக்கு முப்பது பிடி எழுது. சாம்பாருக்கு இருபத்தஞ்சு. ரசத்துக்குப் பதினஞ்சு. மத்தது எல்லாத்துக்கும் சேத்து முப்பது. எவ்வளவு வருது?"

"நூறு பிடி அண்ணாச்சி. பன்னெண்டு கிலோ. நூறு இலைக்கு ஒன்றரை."

"ஒன்றரை" என்றார், வாயில் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி. "இவ்வளவுதானா! இதுக்கா நான் இத்தன வருஷம் ராசா மாதிரி நடந்தேன்?"

அவள் 1.5 என்று அடித்தாள், இந்தத் தடவை கட்டத்தின் போர்டைப் படிக்கவில்லை, உள்ளே போய்த்தான் பார்த்தாள், எல்லாம் எண். புதுப் பட்டியல் கடைக்குப் போனபோது மணி மூன்று இருபத்தைந்து. கடைக்காரர், நல்லவேளை தாயி, பெருங்காயத்துக்கு மதுரைக்கே ஆள் அனுப்பப் பார்த்தேன் என்றார். சேவியர் சாருக்கும் ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினாள், கதவைத் தானே திறந்து காட்டிவிட்டால் பிறகு தட்டுவதற்கு ஆளில்லை. செருப்பைத் தேடிக் காலை நுழைத்தபோது போன் அடித்தது. மறுபடியும் அண்ணாச்சி, இந்தத் தடவை கிசுகிசுப்பாக, அக்கா பக்கத்தில் இல்லை போலும்.

"தாயி, நாளைக்கு வருவேல்லா?"

"குடும்பத்தோட வாரேன் அண்ணாச்சி."

"காலையில முதப் பந்தியில உக்காரு. இட்லிய சாம்பார்ல தொட்டு வாயில வச்சுட்டு, நான் வாசல்ல மாப்பிள்ள வீட்டுக்காரங்கள வாங்கன்னு கும்பிட்டுட்டு நிப்பேன், அங்க என்னப் பாத்து உப்பு சரியா இருக்குன்னு தலைய ஆட்டு. அதப் பாத்தாத்தான் எனக்கு மணவறைக்கு நடக்கக் காலு வரும்."

"கண்டிப்பா ஆட்டுதேன் அண்ணாச்சி." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒருவேள உப்பு கூடிப் போச்சுன்னா?"

அண்ணாச்சியும் கொஞ்சம் யோசித்தார்.

"கூடினாலும் ஆட்டிரு தாயி."